நாலு கைபிடித் தடுப்பு

மாம்புரி
12.10.2024

அன்புத் தம்பி முபாறக்குக்கு ராத்தா றம்ஸியாட ஸலாம்.

அல்லாஹ்ட காவலில நீ கட்டார்ல சுகமா இருப்பாய் எண்டு நம்புறன். இஞ்ச நானும் மச்சானும் மகள் அஸ்னாவும் நல்லம். வாப்பாவும் நல்லம் எண்டு எழுதத்தான் பேனய எடுத்த. பொய் எழுத கை வருதில்ல.

இந்தக் காலத்தில கடிதமா எண்டு நீ சிரிப்பாய். என்ன செய்ய, வீட்டில இருக்கிற ஒரே நல்ல போன் வாப்பாட தலைமாட்டில. நீ அனுப்புற வொயிஸ் எல்லாத்தையும் இடக்கையால திரும்பத் திரும்ப அமத்திக் கேட்டுக்கொண்டு கிடக்கார். நான் உனக்கு என்ன அனுப்பினாலும் அவருட கையிலதான் போய் விழும். வாயால கதைச்சாலும் கேக்கும், இந்த ஒரு ஹோல் வீட்டில என்ன மறைப்பு இருக்கு. பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும்தான் போச்சு, காது போகல்ல. அதால இப்பிடியான விசயத்துக்கு இனி கடிதம்தான்.

விசயம் இதுதான். போன கிழமை வாப்பா கட்டில்ல இருந்து விழுந்திட்டார். நான் குசினில பாண் வெட்டிக்கொண்டு நிண்ட. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா சீமெந்துத் தரையில முகம் குப்புறக் கிடக்கார். கூப்பிடவுமில்ல, முனகவுமில்ல. என்னயக் கண்ட உடனே முகத்த மற்றப் பக்கம் திருப்பினார். வெக்கப்பட்டார் முபாறக். அதத்தான் என்னால தாங்க ஏலல்ல. இருபது வருசத்துக்கு மேல இந்த ஊரில மவுத்தான ஆம்பிளயள் எல்லாரையும் குளிப்பாட்டி, கஃபன் துணி சுத்தி, தோளில தூக்கி அடக்கம் பண்ற மையவாடி வரைக்கும் கொண்டு போன மனிசன். அவரத் தூக்க எனக்கும் அஸ்னாவுக்கும் ஏலாமப் போய் பக்கத்து வீட்டு ஆக்களக் கூப்பிட்ட.

டொக்டர் சொல்றார் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் தடுப்பு வேணுமாம். வீட்டுக் கட்டிலுக்குத் தனியா அது கிடைக்காதாம், ஆஸ்பத்திரிக் கட்டிலோடதான் வாங்கணுமாம். விலையக் கேட்டு மச்சான் வாயத் திறந்தவர் இன்னும் மூடல்ல. நீ வாப்பாட பேரையும் போட்டு ஒரு இன்சூரன்ஸ் எடுத்தாய்தானே. மருந்துக்கும் கை கால் பயிற்சிக்கும் அவங்கதானே குடுக்கிறாங்க. இதையும் குடுப்பாங்களா எண்டு கேட்டுப் பார். டொக்டர்ட துண்டு இதோட இருக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு. உன்ட தொழுகைல வாப்பாவ மறக்காத.

ராத்தா

*

டோஹா
30.10.2024

கண்ணியமான ராத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம். இங்க வெக்கை கொஞ்சம் தணிஞ்சிருக்கு. மச்சானுக்கும் அஸ்னாவுக்கும் என்ட ஸலாம்.

உங்கட கடிதத்த ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமுக்குள்ள வெச்சி வாசிச்சன். வாசிச்சிட்டு அங்கினயே குந்திட்டன். என்ட வேலை என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கட்டில் தள்ளுறது, கட்டில் திருத்துறது. பட்டன அமத்தினா தடுப்பு எழும்பும், இன்னொருக்கா அமத்தினா இறங்கும். ஊர் பேர் தெரியாத ஆக்களுக்கெல்லாம் ஒவ்வொரு நாளும் நான் தடுப்புத் தூக்கி விர்றன். என்ட வாப்பா தரையில கிடந்திருக்கார்.

இன்சூரன்ஸ் கம்பனிக்கு உடனே அனுப்பிட்டன். டொக்டர்ட துண்டையும் சேர்த்திருக்கன். ஒரு விசயம் கவனம் ராத்தா. அவங்கட அனுமதி வர முந்தி ஒண்டும் வாங்கப்படாது. வாங்கினா குடுக்க மாட்டாங்க, அது சட்டம். முறையா செய்வம். அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் தலையணை அடுக்குங்க.

எதுக்கும் நளீர்ட்ட ஒரு சொல்லுச் சொல்லி வையுங்க. என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவன். வள்ளம் திருத்துறவனுக்கு ஒரு கட்டில் பெரிய காரியமா. வாப்பாட விசயம் எண்டா ஓடி வருவான்.

உங்கட முதுகு வலி எப்பிடி? எழுதவே இல்லியே.

உங்கட தம்பி
முபாறக்

*

மாம்புரி
24.11.2024

ஆசைத் தம்பிக்கு ஸலாம்.

மழை பிடிச்சா விடுதில்ல. மச்சான்ட மிளகாய்ப் பாத்தி முழுக்கத் தண்ணி. என்ட முதுகு இருக்கிற இடத்தில இருக்கு.

உன்ட தலையணை யோசனைய என்ன சொல்ல. வாப்பா தலையணையோட சேர்ந்து விழுந்தார். இந்த முறை நெத்தி வெடிச்சிட்டு, தையல் போட்டிருக்கு. பயப்படாத, இப்ப காஞ்சு வருது. வீடியோவில தொப்பிய இழுத்து விட்டிருந்தது அதுக்குத்தான்.

அண்டைக்கே நளீர் நனைஞ்சுகொண்டு வந்தான். தரையில இருந்த ரத்தத்தப் பார்த்தான். அவன்ட பட்டறையில கிடக்கிற பலகை எல்லாம் ஈரமாம், மழை விட்டாத்தான் புதுசு செய்ய ஏலுமாம். எண்டாலும் திரும்பப் போய் லேண்ட்மாஸ்டர் மெசின் பெட்டியில எதையோ மூடிக் கட்டிக்கொண்டு வந்து, பொழுதுபட மஃரிபுக்கு முந்தி கட்டில்ல பூட்டிட்டான். நல்ல தேக்கு. உயரமும் நீளமும் வாப்பாவ அளந்து செஞ்ச மாதிரி. எங்கால வந்தது எண்டு என்னட்டக் கேக்காத. ஒரு கிழமைக்குத்தானாம்.

தடுப்புக்கு மேலால ஒரு பெட்ஷீட் போட்டு மூடியிருக்கன், குளிருக்கு. வாப்பா நல்லா நித்திர கொள்றார். நானும்தான்.

கம்பனி என்ன சொல்லுது?

ராத்தா

*

டோஹா
15.12.2024

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம் சொல்லி எழுதுறது,

அல்ஹம்துலில்லாஹ், உடம்புக்கு ஒண்டும் இல்ல. மனசுக்குத்தான்.

கம்பனி மறுத்திட்டு. ஏன் தெரியுமா? கட்டில் தடுப்பு மருத்துவக் கருவி இல்லியாம், வீட்டுத் தளபாடமாம். நான் அந்த வரிய எத்தின தரம் வாசிச்சன் எண்டு எனக்கே தெரியா. இங்க நான் தூக்கி இறக்கிற தடுப்புக்கு நோயாளிட பில்லில தனியா ஒரு வரி இருக்கு. நானே கண்ணால பார்த்திருக்கன். அதே தடுப்பு என்ட வாப்பாட கட்டிலுக்கு வந்தா அலுமாரியும் கதிரையுமாம். தலை சுத்துது ராத்தா. கிழவன் விழுந்தா எலும்புக்குக் குடுப்பாங்களாம், விழாம இருக்கிறதுக்குக் குடுக்க மாட்டாங்களாம். போன்ல ஒரு பொம்பிளப் புள்ள இத எனக்கு எவ்வளவு மரியாதையா விளங்கப்படுத்தினது தெரியுமா.

நான் விடல்ல. மேல்முறையீடு போட்டிருக்கன். வீட்டுக்கு ஒரு ஆள அனுப்பிப் பார்ப்பாங்களாம். வந்தா நல்லாக் கவனியுங்க.

வீடியோவில பார்த்தா கட்டில்ல இன்னும் பெட்ஷீட் தொங்குது. அப்பிடி என்ன குளிர் மாம்புரில? நளீருக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க. ஒரு கிழமை எண்டவன் ஒரு மாசமாகுது, பஞ்சி பிடிச்சவன்.

துஆவுடன்
முபாறக்

*

மாம்புரி
14.01.2025

தம்பிக்கு, அல்லாஹ் உனக்கு ஆரோக்கியத்தத் தரட்டும்.

உன்ட கம்பனி ஆள் வந்திட்டுப் போனார். தோமஸ் எண்டு பேர், சிலாபம் பக்கம். பாதித் தமிழ், பாதிச் சிங்களம். நல்ல மனிசன், தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கோப்பைய அவரே குசினிக்குக் கொண்டு வந்து வெச்சார். வந்த உடனே பெட்ஷீட்டத் தூக்கினார் பார், நான் ஓடிப் போய்ப் பக்கத்தில நிண்ட. தடுப்பத் தட்டிப் பார்த்தார், பிடிச்சு ஆட்டிப் பார்த்தார், பக்கத்தில குனிஞ்சு போட்டோ எடுத்தார். மரத்துக்கு ரெண்டு அந்தத்திலயும் நீட்டிக்கொண்டு நிக்கிற பிடியளக் காட்டி, இது என்னத்துக்கு எண்டு கேட்டார். தூக்கிறதுக்கு எண்ட. உண்மைதானே. அப்பிடியே எழுதிக்கொண்டார். "மேக்க ஹரி ஷோக்", இது நல்ல வடிவு எண்டு சிங்களத்தில ரெண்டு தரம் சொன்னார். இப்பிடி ஒரு வேலைய அவர் கொழும்பிலயும் காணல்லியாம்.

வாப்பா முழு நேரமும் கண்ண மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையா இல்லியா எண்டு எனக்குத் தெரியா.

ஆனா போகக்குள்ள ஒண்டு சொல்லிட்டார். கம்பனி முடிவு சொல்றவரைக்கும் இதில ஒரு ஆணி கூட மாத்தப்படாதாம். போட்டோவில உள்ளதும் வீட்டில உள்ளதும் ஒண்டா இருக்கணுமாம். அடுத்த நாள்தான் நளீர் புதுப் பலகையெல்லாம் சீவி எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறான். அப்பிடியே திருப்பி அனுப்பிட்டன். இனி அவனப் பஞ்சி எண்டு ஏசாத, உன்ட கம்பனிய ஏசு.

பெட்ஷீட் கேட்டிருந்தாய். அது நுளம்புக்கு.

ராத்தா

*

டோஹா
02.02.2025

ராத்தா, ஸலாம். சுகம் விசாரிக்க இப்ப மனசில இடமில்ல.

தோமஸ்ட அறிக்கைய கம்பனி எனக்கு அனுப்பியிருக்கு. 'தேக்கு மரம். பச்சை வர்ணம். சித்திரப் பலகை. நான்கு கைபிடிகள். கைதேர்ந்த வேலை. நோயாளிக்கு மிகப் பொருத்தமானது.' கீழ போட்டோ.

எனக்கு அது என்ன எண்டு தெரியாதா? உம்மாவ அதில வெச்சித்தான் கொண்டு போன. முன்பக்கத்து வலக் கைபிடி என்ட தோளில இருந்தது.

நோயாளிக் கட்டில் எண்டு சொல்லி உசிரோட இருக்கிற மனிசனச் சந்தூக்குக்குள்ள கிடத்தி வெச்சிருக்கீங்க. மையித்துத் தூக்கிற சந்தூக்கு. அதுவும் ஆர? அத இருபது வருசம் தூக்கின மனிசன. குளிருக்காம், நுளம்புக்காம். எனக்கு வாற கோவத்துக்கு இந்தப் பேனய உடைக்கணும் போல இருக்கு. வாப்பா கண்டா என்ன நினைப்பார்? என்ட புள்ளயள் என்ன மவுத்தாக்க முந்தியே ஏத்திட்டாங்க எண்டு நினைக்க மாட்டாரா?

நளீருக்கு மூளை பிசகிட்டா? அவன் இனி என்ட வாப்பாட கட்டில்ல கை வைக்கப்படாது. என்னோட கதைக்கவும் வேணாம். நான் சொன்னதா அவன்ட்டச் சொல்லுங்க.

இதில பெரிய கூத்து என்ன எண்டா, கம்பனிக்கு நல்ல சந்தோசம். வீட்டிலயே பொருத்தமான தடுப்பு இருக்காம், அதுக்குக் குடுக்கத் தயாராம். செஞ்ச ஆள்ட பில் வேணுமாம். ஒரு படிவமும் அனுப்பியிருக்காங்க. எத்தனை வருட பாவனை? முன்னர் எவராவது பயன்படுத்தியுள்ளனரா? இதிலிருந்து இதுவரை எவரேனும் விழுந்துள்ளனரா?

ஆருட்டப் போய் பில் எடுப்பீங்க ராத்தா? எந்த மையித்துட்ட?

முபாறக்

*

மாம்புரி
06.03.2025

தம்பி முபாறக்குக்கு நோன்பு கால ஸலாம்.

உன்ட கடிதம் கிடைச்சு கன நாள். வேணுமெண்டுதான் எழுதாம இருந்த. உடனே எழுதியிருந்தா நானும் உன்னய ஏசியிருப்பன், ரெண்டு பேரும் ஆளுக்காள் ஏசிக்கொண்டு நோன்புக்குள்ள வந்திருப்பம்.

நீ கட்டில் தள்ளுற ஊரில இருந்துகொண்டு கோவப்படுறாய். நான் அண்டைக்கு இந்தத் தரையில இருந்த ரத்தத்தக் கழுவின ஆள். பள்ளிவாசலுக்குப் புதுசா இரும்புச் சந்தூக்கு வந்த பொறகு, பழச ஒரு கைபிடி வெடிச்சிருக்கு எண்டு திருத்தச் சொல்லி நளீர்ட்டக் குடுத்திருக்காங்க. அவன் இரும்புப் பட்டை அடிச்சுத் திருத்திப் பட்டறையில வெச்சிருந்திருக்கான். அந்த மழைக்குள்ள அவன்ட கையில இருந்த ஒரே காஞ்ச மரம் அதுதான். அடிப்பலகையையும் மூடியையும் விட்டுட்டு ரெண்டு பக்கத்த மட்டும் கழட்டிக்கொண்டு வந்தான். லேண்ட்மாஸ்டர்ல இருந்து இறக்கக்குள்ள நானும் வாயப் பொத்திக்கொண்டு நிண்ட. வேணாம் எண்டு சொல்ல வாயத் திறந்த, சொல்லல்ல. அவ்வளவுதான்.

வாப்பாக்குத் தெரியாது. அதுக்குத்தான் பெட்ஷீட். தெரிஞ்சா பயத்திலயே உசிர் போயிரும் எண்டு ஒவ்வொரு நாளும் அதச் சரி பண்ணிச் சொருகி விர்றன். போட்டோ, படிவம் ஒண்டும் போனுக்கு அனுப்பிடாத, கெஞ்சிக் கேக்கிறன்.

பில்லுக்கு பள்ளித் தலைவர் பதுர்தீன் ஹாஜியார்ட்டப் போன. முதல்ல சந்தூக்கு எங்க இருக்கு எண்டு கேட்டே கதிரையில இருந்து எழும்பிட்டார். பில் எண்ட உடனே திரும்ப இருந்தார். "சந்தூக்குக்கு இந்த ஊர் ஒரு நாளும் காசு எடுத்ததில்ல புள்ள. அதுக்கு நான் பில் எழுதினா நாளைக்கு என்னய எதில தூக்குவாங்க?" எண்டார். திருப்பித் தா எண்டும் சொல்லல்ல. வாப்பாட பேரச் சொல்லி, நெய்னார் நானாட கட்டில்லதானே இருக்கு, இருக்கட்டும், தேவை வந்தா ஆள் அனுப்புறன் எண்டு சொல்லி அனுப்பினார்.

நளீர் சுகமா இருக்கான்.

நோன்பு திறக்கக்குள்ள எங்களயும் நினை.

ராத்தா

*

டோஹா
22.03.2025

ராத்தாவுக்கு ஸலாம். எல்லாரும் நல்லபடியா நோன்பு பிடிக்கிறீங்க எண்டு நினைக்கிறன். எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல், இப்ப சுகம்.

நீங்க எழுதினத யோசிச்சுப் பார்த்தன். ரத்தம் கழுவினது நீங்கதான், அதுக்கு நான் மறுமொழி சொல்ல ஏலா. வீடியோவில வாப்பாட முகம் தெளிஞ்சிருக்கிறதும் விளங்குது. அதுக்காக நான் சம்மதிச்சிட்டன் எண்டு எடுக்க வேணாம். கண்ண மூடினா அந்த நாலு கைபிடிதான் வருது. பெருநாளைக்குப் பொறகாவது அதக் கழட்டுங்க. நான் கடன் பட்டாவது ஒரு கட்டில் அனுப்புறன்.

கம்பனி இப்ப புதுசா ஒண்டு சொல்லுது. படிவம் வராட்டி வாப்பாட ஃபைலையே மூடிருவாங்களாம். மூடினா மருந்தும் பயிற்சியும் எல்லாம் நிண்டு போகும். படிவத்த முன்னால வெச்சுக்கொண்டு இருக்கன் ராத்தா. சந்தூக்கு எண்டு எழுதவும் ஏலா, நோன்பும் அதுவுமாப் பொய் எழுதவும் ஏலா.

நான் சொன்னத நளீர்ட்டச் சொன்னீங்களா? அவன் சுகமா இருக்கான் எண்டு மட்டும் எழுதியிருக்கீங்க. அதையா நான் கேட்ட?

முபாறக்

*

மாம்புரி
17.04.2025

தம்பி,

அல்லாஹ் நம்ம எல்லாருக்கும் பொறுமையத் தரட்டும். நளீர்ட செய்திய மச்சான் போன்ல சொல்லக்குள்ள நீ அழுத சத்தம் வாப்பாக்கும் கேட்டது. மிச்சத்த போன்ல சொல்ல என்னால ஏலல்ல. அதால எழுதுறன்.

அண்டைக்குக் காலையில றஹ்மத் உம்மா மவுத்து. வயசாளி, கன நாளா எதிர்பார்த்ததுதான். மகன்ட ஊர் மதுரங்குளியில அடக்கம் எண்டு, பள்ளியில இருந்த இரும்புச் சந்தூக்கில வெச்சு அவங்கள அங்க கொண்டு போயிட்டாங்க. மதிய லுஹருக்கு முந்தி ஆலங்குடாவில வள்ளம் ஒண்டுக்குப் பலகை பூட்டிக்கொண்டு இருந்த நளீர், நெஞ்சு எரியுது எண்டு சொல்லி அந்த வள்ளத்திலயே சாஞ்சிருக்கான். பக்கத்தில நிண்ட ஆக்கள் தண்ணி எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு. முந்தின நாள் எங்கட வீட்டு வாசலால போகக்குள்ள அஸ்னாவப் பகிடி பண்ணிட்டுப் போனவன். உன்ட வயசு முபாறக். நான் இன்னும் நம்பல்ல.

அவன்ட மையித்த பின்னேரம் அசறுக்குள்ள எடுக்கணும் எண்டு எல்லாம் தயார். சந்தூக்கு இல்ல.

பதுர்தீன் ஹாஜியார் ரெண்டு பேரோட எங்கட வாசல் கேட்டடியில வந்து நிண்டார். உள்ளுக்கு வரல்ல. "றம்ஸியா" எண்டு மட்டும் சொன்னார். எனக்கு விளங்கிட்டு. வாப்பாக்குத் தெரியாது ஹாஜியார், கொஞ்சம் பொறுங்க, கதிரையில வெச்சுப் பின்பக்கம் கொண்டு போயிர்றன் எண்டு காதுக்குள்ள சொல்றன். எனக்குப் பின்னால வாப்பாட குரல்.

"கழட்டிக் குடு."

பேச்சுப் போன பொறகு அண்டைக்குத்தான் முதல் தரம் வாய் திறந்தார், அந்த ரெண்டு சொல்லும் எவ்வளவு தெளிவா வந்தது தெரியுமா. நான் திரும்பிப் பார்த்தன். வாப்பா என்னயப் பார்க்கல்ல. பெட்ஷீட்டுக்குக் கீழால கையப் போட்டு, தலைமாட்டில இருக்கிற இடப்பக்கத்துக் கைபிடியத் தடவிக்கொண்டு கிடந்தார். சொல்லு சொல்லா இழுத்து இழுத்துச் சொன்னார்: "பட்டை... புதுசு. தோளக் கிழிக்கும். துணி சுத்து."

நளீர் அடிச்ச இரும்புப் பட்டை. அத வாப்பா மழைக் காலத்தில இருந்து ஒவ்வொரு நாளும் தடவிப் பார்த்திருக்கார். நான்தான் குளிர், நுளம்பு எண்டு சொல்லி மூடி மூடி வெச்சிருக்கன். மச்சான் போல்ட்டக் கழட்டினார். அந்த பெட்ஷீட்டையே ரெண்டாக் கிழிச்சு அந்தக் கைபிடியில சுத்திக் குடுத்த. பட்டறையில கிடந்த அடிப்பலகையோட சேர்த்துப் பூட்டி, அதிலதான் நளீரக் கொண்டு போனாங்க.

அவங்க திரும்பி வாறவரைக்கும் நானும் அஸ்னாவும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் இருந்தம். அவன நான்தான் குளிப்பாட்டியிருக்கணும் எண்டு வாப்பா இழுத்து இழுத்துச் சொன்னார். கண்ணீர் காதுக்குள்ள போனது, துவாயால துடைச்சு விட்ட.

அடக்கம் முடிஞ்ச கையோட ஹாஜியார் ரெண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அடியில மையவாடி மண் ஒட்டியிருந்தது. மச்சான் பூட்டினார். மூடுறதுக்கு நான் அலுமாரியில இருந்து வேற பெட்ஷீட் எடுத்த. வேணாம் எண்டு வாப்பா தலைய ஆட்டினார்.

துஆ செய்.

ராத்தா

*

டோஹா
02.05.2025

ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்பு சுகம். வேலைக்குப் போறன், வாறன். தடுப்புத் தூக்கக்குள்ள கை சில நேரம் அப்பிடியே நிண்டு போகுது.

கழட்ட வேணாம். நான் முந்தி எழுதினத விட்டிருங்க.

ஒண்டே ஒண்டுக்கு மறுமொழி தாங்க. ரெண்டு தரம் கேட்டுட்டன், ரெண்டு தரமும் நீங்க எழுதல்ல. நான் சொன்னத அவன்ட்டச் சொன்னீங்களா? சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, எனக்குத் தெரியணும்.

படிவத்துக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் தவணை தந்திருக்காங்க. வாப்பாட மருந்து நிண்டு போகக் கூடாது. உள்ளத உள்ளபடி எழுத முடிவெடுத்திட்டன். சந்தூக்கு எண்டே எழுதிட்டன், என்னமும் செய்யட்டும். ரெண்டு கேள்விதான் மிச்சம். பில்லுக்கு என்ன எழுத? இதிலிருந்து எவரேனும் விழுந்துள்ளனரா எண்டதுக்கு என்ன எழுத? வாப்பாட்டயே கேளுங்க. இனி அவருக்கு மறைக்க நம்மட்ட என்ன இருக்கு.

முபாறக்

*

மாம்புரி
18.05.2025

ஆசைத் தம்பி முபாறக்குக்கு ராத்தாட நிறைஞ்ச ஸலாம்.

நாங்க எல்லாரும் சுகம். கச்சான் காத்துத் தொடங்கிட்டு, வீடெல்லாம் மண். நளீர்ட பெண்சாதி வீட்டுக்கு வெள்ளிக்கிழமையில போய் வாறன்.

நீ கேட்டதுக்கு முதல்ல எழுதுறன். உன்ட அந்தக் கடிதம் வந்த அண்டைக்கே அவன் வீட்டுக்கு வந்தான். முபாறக் எழுதினானா எண்டு கேட்டான். ஓம் எண்ட, ஸலாம் சொல்லியிருக்கான் எண்ட. வேற என்ன எழுதியிருக்கான் எண்டு விடாமக் கேட்டான். கைதேர்ந்த வேலை எண்டு எழுதியிருக்கான் எண்ட. அது தோமஸ் மாத்தயா எழுதினதுதான், எண்டாலும் உன்ட கடிதத்துக்குள்ளதானே இருந்தது, முழுப் பொய் இல்லியே. அவன் என்ட முகத்தப் பார்த்தான். "அவன் லேசில இப்பிடிச் சொல்ல மாட்டானே ராத்தா" எண்டு சிரிச்சான். பொறகு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுப் போனான். நம்பினானா இல்லியா எண்டு எனக்குத் தெரியா. உன்ட ஸலாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அத மட்டும் வெச்சுக்கொள். அந்தக் கடிதத்த நான் அண்டைக்கே அடுப்பில போட்டுட்டன்.

பில்லுக்கு, இல்லை எண்டு எழுது. ஹாஜியார் ஒரு துண்டில எழுதிக் கையெழுத்து வெச்சுத் தந்திருக்கார். இது பள்ளிவாசல் பொருள், எவரிடமும் பணம் பெறுவதில்லை எண்டு. இதோட வெச்சிருக்கன்.

மற்றக் கேள்விய வாப்பாட்டக் கேட்டன். காதுக்குக் கிட்டப் போய், நீ எழுதின மாதிரியே வாசிச்சுக் காட்டின. வாப்பா கண்ண மூடினார். நித்திரையாகிட்டார் எண்டு நினைச்சு எழும்பப் பார்த்தா, வாய் அசையுது. குனிஞ்சு கேட்டன். பேர் சொல்றார் முபாறக். அவர் தூக்கிக்கொண்டு போன ஆக்கள்ட பேர ஒவ்வொண்டாச் சொல்லிப் பார்க்கிறார். உம்மாட பேரும் வந்தது.

கன நேரத்துக்குப் பொறகு கண்ணத் திறந்தார். "ஒத்தரும் விழல்ல" எண்டார். நான் சரி வாப்பா, அப்பிடியே எழுதச் சொல்றன் எண்டு எழும்பின. சாறியப் பிடிச்சு நிப்பாட்டினார். மற்றக் கைபிடிய விட்டுட்டு அந்தப் பட்டை அடிச்சதத் தடவினார்.

"நளீரும்" எண்டார்.

அப்பிடியே எழுதி அனுப்பு தம்பி.

ராத்தா